ஹெர்ட்ஸ் இருக்கட்டும், எதில் கை வைத்திருக்கிறார்கள்?

கேள்வி இதுதான். கையில் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, ஆறு கோர் பிராசஸர், பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். பெரும்பாலும் ஆடுவது வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற சுடும் போட்டி கேம்கள். ராத்திரியில் கதையுள்ள பெரிய கேம்கள். பட்ஜெட்டுக்குள் மூன்று மானிட்டர்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ். இரண்டாவது 27 அங்குலம், 1080பி, வளைந்த விஏ, 240 ஹெர்ட்ஸ். மூன்றாவது 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ். இது மட்டும் விலை கொஞ்சம் கூடுதல். (ஹெர்ட்ஸ் என்பது திரை செகண்டுக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. 1080பி, 1440பி என்பவை திரையில் எத்தனை வரிசை பிக்சல் என்பதைச் சொல்பவை. ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடி பேனலின் வகைகள்.) 240 தானே பெரிய எண், அதையே எடுத்துவிடலாமா?

வேண்டாம். முதலாவதை எடுங்கள். இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால் மூன்றாவதை எடுங்கள். இரண்டாவதை இந்தப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடலாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

விலை குறைந்த மானிட்டர் என்றாலே தயாரித்தவர் எங்கோ ஓரிடத்தில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அதில் தப்பில்லை, அப்படித்தான் விலை குறையும். சிலர் ஸ்டாண்டில் கை வைப்பார்கள், சிலர் வெளிச்சத்தில், சிலர் போர்ட்டில், சிலர் பேனலின் வேகத்தில். பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் எண்ணில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை, ஏனென்றால் வாங்குகிறவர் பார்ப்பது அதைத்தான். அதனால் 240 என்ற எண் குறைந்த விலையில் தென்பட்டால், மிச்சம் பிடித்தது எங்கே என்று தேட வேண்டும். அந்த இடம் நமக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தால் வாங்கலாம்.

முதலில் ஹெர்ட்ஸ் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 144 என்றால் 6.9. 180 என்றால் 5.6. 240 என்றால் 4.2. இங்கே கவனிக்க வேண்டியது எண்களுக்கு இடையிலான இடைவெளி. 60இலிருந்து 144க்குப் போகும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது ஒவ்வொரு படத்திலும், கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சமாகிறது. 144இலிருந்து 240க்குப் போனால் மூன்றுக்கும் குறைவு. 180க்கும் 240க்கும் நடுவே வெறும் 1.4. உங்கள் பட்டியலில் உள்ள 165க்கும் 180க்கும் வித்தியாசம் அரை மில்லிசெகண்ட். அதைக் கண்ணால் கண்டுபிடித்தேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 120 ஹெர்ட்ஸ் போன் வைத்திருக்கிறவர்களுக்கு முதல் தாவலின் சுகம் ஏற்கெனவே தெரியும். அந்தச் சுகத்தில் பெரும்பங்கு 144இலேயே வந்துவிடுகிறது.

ஒரு வேடிக்கை: 120 ஹெர்ட்ஸ் எல்சிடி மானிட்டர்கள் 2009 வாக்கில் விற்பனைக்கு வந்தபோது அவற்றை 3டி கண்ணாடிக்காகத்தான் விற்றார்கள். ஒரு கண்ணுக்கு 60, இன்னொரு கண்ணுக்கு 60. கண்ணாடி கொஞ்ச காலத்தில் மூலைக்குப் போய்விட்டது. கண்ணாடி போடாமல் ஆடினாலே கேம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதை ஆடுகிறவர்கள் கண்டுகொண்டார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வேகமான மானிட்டரில் படம் தெளிவாக இருப்பதற்கு இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று, படம் எத்தனை முறை மாறுகிறது என்பது. எல்சிடி திரை ஒரு படத்தைக் காட்டிவிட்டு அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஆனால் ஓடுகிற எதிரியை நம் கண் நிற்காமல் தொடர்கிறது. கண் நகர, படம் நிற்க, அந்த இடைவெளிதான் மங்கலாகத் தெரிகிறது. செகண்டுக்கு 960 பிக்சல் வேகத்தில் ஒரு பொருள் ஓடினால் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும், 120இல் 8, 240இல் 4. திரைக்குப் பின்னால் உள்ள விளக்கு அணையாமல் எரியும்வரை, பேனல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்குக் கீழே வராது.

இரண்டாவது, பிக்சல் நிறம் மாறும் வேகம். இதில்தான் மலிவு மானிட்டர்கள் மாட்டிக்கொள்ளும். 240 ஹெர்ட்ஸ் என்றால் பிக்சலுக்கு 4.2 மில்லிசெகண்ட்தான் அவகாசம். அதற்குள் அது ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறி முடித்திருக்க வேண்டும். மாறி முடிப்பதற்குள் அடுத்த ஃப்ரேம் வந்துவிட்டால், பழைய படத்தின் நிழல் புதிய படத்தின் மேல் ஒட்டிக்கொண்டே வரும். அதைத்தான் கோஸ்டிங் என்கிறார்கள். விலை குறைந்த விஏ பேனல்களில் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற மட்டும் 20, 30 மில்லிசெகண்ட் ஆவது சகஜம். அதாவது நான்கைந்து ஃப்ரேம் ஓடி முடிந்த பிறகும் அந்தப் பிக்சல் வந்து சேர்ந்திருக்காது. 240 முறை கட்டளை போகிறது, இருட்டுப் பகுதியில் இருக்கும் பிக்சல்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

இதைப் புத்தக அறிவாகச் சொல்லவில்லை. என் முதல் வேகமான மானிட்டர் ஒரு வளைந்த விஏ. பகல் வெளிச்சத்தில் நடக்கும் மேப்களில் அருமையாக இருந்தது. ஒரு வாரம் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம் ராத்திரிக் காட்டில் நடக்கும் ஒரு கேமைப் போட்டேன். கேமராவைத் திருப்பும்போதெல்லாம் மரங்களுக்குப் பின்னால் மை கொட்டினதுபோல ஒரு கறுப்பு இழுபட்டது. முதலில் கேமில் ஏதோ கோளாறு என்று நினைத்து டிரைவரை மூன்று முறை மாற்றினேன். கோளாறு டிரைவரில் இல்லை. பெட்டியில் '1 மில்லிசெகண்ட்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

அந்த 1 மில்லிசெகண்டை எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜிடிஜி என்று போட்டிருந்தால், ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாற ஆகும் நேரம். எந்தச் சாம்பலிலிருந்து எதற்கு என்பதைச் சொல்வதில்லை. பேனல் எந்த மாற்றத்தைச் சீக்கிரம் செய்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளலாம். மேலும், அது பெரும்பாலும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்த அளவு. ஓவர்டிரைவ் என்பது பிக்சலுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து விரட்டுவது. அளவோடு விரட்டினால் நல்லது. அளவு மீறினால் பிக்சல் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். நகரும் பொருளின் பின்னால் வெளிர்நிற விளிம்பு ஒன்று பளிச்சென்று தொடரும். இது கோஸ்டிங்கைவிடக் கண்ணை உறுத்தும். ஆகவே உச்ச அளவில் எடுத்த எண் நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிலையில் எடுத்த எண் அல்ல.

எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் அது வேறு கதை. திரைக்குப் பின்னால் உள்ள விளக்கை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவே அணைத்து அணைத்து எரியவிட்டு, படம் கண்ணில் படும் நேரத்தைக் குறைத்து வாங்கும் எண் அது. இழுபடுவது உண்மையிலேயே குறையும். ஆனால் வெளிச்சமும் சேர்ந்து குறையும், சிலருக்குத் தலைவலி வரும், மலிவான மாடல்களில் உருவம் இரட்டையாகத் தெரியும். பெரும்பாலான மானிட்டர்களில் இந்த வசதியை ஆன் செய்தால் அடாப்டிவ் சிங்க் (ஃப்ரேம் வரும் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) வேலை செய்யாது. நான் இரண்டு நாள் பயன்படுத்திவிட்டு அணைத்து வைத்தவன்.

அப்படியானால் விஏ மோசமா? முழுதாக அப்படிச் சொல்ல மாட்டேன். விஏயின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சாதாரணமாக 3000:1 பக்கம் இருக்கும். ஐபிஎஸ் 1000:1 சுற்றித்தான். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் விஏயில் கறுப்பு கறுப்பாக இருக்கும், ஐபிஎஸ்ஸில் அது சாம்பல் பூசினதுபோல இருக்கும், மூலைகளில் ஒரு மங்கிய ஒளியும் தெரியும். கதை கேம், சினிமா மட்டும்தான் என்றால் விஏயை யோசிக்கலாம். போட்டி ஆட்டத்தில் நிழலில் ஒளிந்திருப்பவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே இருட்டில் மை கொட்டும் பேனல் உதவாது. இன்னொன்று, ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும்போது அடாப்டிவ் சிங்க் ஆனில் இருந்தால் விஏ பேனல்களில் வெளிச்சம் லேசாக மினுக்கும். லோடிங் திரைகளில் நன்றாகவே தெரியும். டிஎன் என்ற இன்னொரு பழைய வகைப் பேனல் வேகமானதுதான், ஒரு காலத்தில் போட்டி ஆட்டக்காரர்கள் அதைத் தவிர வேறு தொடமாட்டார்கள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் ஓடிவிடும். இன்றைய வேகமான ஐபிஎஸ் பேனல்கள் அந்த வேகத்தை எட்டிப் பிடித்துவிட்டதால், இந்த விலையில் டிஎன் வாங்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, மானிட்டர் தயார் என்றே வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் தயாரா? 180 ஹெர்ட்ஸ் திரையில் செகண்டுக்கு 90 ஃப்ரேம் அனுப்பினால் நீங்கள் பார்ப்பது 90தான். 1080பியில் செட்டிங்ஸைக் குறைத்து ஆடும் போட்டி கேம்களில் பாரம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் விழாது, பிராசஸரில் விழும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, ஃப்ரேம் எண்ணைப் பார்த்துக்கொண்டு, ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். எண் எகிறினால் இதுவரை தடுத்துக்கொண்டிருந்தது கார்டு. எண் அசையாமல் நின்றால் தடை பிராசஸரில் அல்லது ரேமில். இப்படிப் பார்க்கச் சொன்னபோது நண்பர் ஒருவருக்கு எண் அசையவே இல்லை. கேஸைத் திறந்தால் உள்ளே ஒற்றை ரேம் குச்சி. அதே அளவில் இன்னொன்றைப் போட்டு இரண்டும் சேர்ந்து ஓடும் டூயல் சேனல் ஆக்கி, பயோஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தபிறகு, ஆட்டத்தின் நடுவே வந்துகொண்டிருந்த திக்கல் நின்றுபோனது. அவர் 240 ஹெர்ட்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த பணத்தைவிட ரேமுக்கு ஆன செலவு குறைவு.

எல்லா கேமும் வேகமாக ஓடச் சம்மதிக்கும் என்றும் இல்லை. எல்டன் ரிங் கம்ப்யூட்டரில் 60 ஃப்ரேமோடு நிறுத்திக்கொள்ளும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 போன்ற சண்டை கேம்களில் ஆட்டமே 60க்குக் கட்டப்பட்டது. உங்கள் நேரத்தில் பாதி இப்படிப்பட்ட கேம்களில் போகிறது என்றால் 165, 180 பேச்சுக்கு அர்த்தம் குறைவு. நல்ல நிறத்துக்கும் ரெசல்யூஷனுக்கும் பணத்தைத் திருப்பலாம்.

அதனால்தான் மூன்றாவது மானிட்டரை விட மனசு வரவில்லை. 1440பியில் 1080பியைவிட 1.78 மடங்கு பிக்சல்கள். 3060 கார்டில் வேலரன்ட் இதைச் சிரமமில்லாமல் இழுத்துவிடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 செட்டிங்ஸைக் கொஞ்சம் இறக்கினால் நூற்றுக்கு மேல் ஓடும். பெரிய கதை கேம்களுக்கு டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) துணை வேண்டும்; 60க்குப் பக்கத்தில் நின்றால் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். பதிலுக்குக் கிடைப்பது தெளிவு. 24 அங்குலத்தில் 1080பி என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109. அதே 27 அங்குலத்தில் 1080பி என்றால் 82தான். எழுத்தின் ஓரம் ரம்பம்போலத் தெரியும், தூரத்தில் நிற்கும் தலை நான்கு சதுரமாகத் தெரியும். உங்கள் இரண்டாவது மானிட்டரில் அவர்கள் கை வைத்த இன்னொரு இடம் இது. பெரிய திரை, பெரிய ஹெர்ட்ஸ், வளைவு எல்லாம் இருக்கிறது, பிக்சலைத்தான் தரவில்லை.

வளைவைப் பற்றி ஒரே வரி: 27 அங்குலத்தில் அது அலங்காரம். 34 அங்குல அகலத் திரையில்தான் அதற்கு வேலை.

அடாப்டிவ் சிங்க் இல்லாத மானிட்டரை இன்று வாங்கவே கூடாது. உங்கள் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். படம் நடுவில் கிழிந்ததுபோலத் தெரிவது நின்றுவிடும். 2013இல் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தபோது மானிட்டருக்குள் தனிச் சில்லு வேண்டியிருந்தது, விலையும் அதற்கேற்ற மாதிரி. 2015இல் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் அந்தச் சில்லு இல்லாமலே வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளில் அந்த மானிட்டர்களை அனுமதித்துவிட்டது. ஆகவே பெட்டியில் ஃப்ரீசிங்க் என்று போட்டிருக்கிறதே, நம்மிடம் இருப்பது என்விடியாவாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்தால் பெரும்பாலும் வேலை செய்யும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதை மட்டும் பாருங்கள். 48 முதல் 144 என்று இருந்தால், ஃப்ரேம் 48க்குக் கீழே விழுந்தாலும் ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிக்க இடமிருக்கிறது. 48 முதல் 75 என்று குறுகலாக இருந்தால் அந்தச் சமாளிப்புக்கு வழியில்லை.

போர்ட்டுகளில் கை வைப்பதும் வழக்கம். 180 ஹெர்ட்ஸ் என்று விற்கும் மானிட்டரில் அந்த 180 டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் வரும், எச்டிஎம்ஐயில் செருகினால் 144உடன் நிற்கும். விவரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 1440பியில் 144 ஹெர்ட்ஸ் வரை வரும், 1.4 என்றால் 1080பியில் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எச்டிஎம்ஐ 2.1' என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். அந்தத் தரத்தின் புது வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை, 2.0 அளவுக்கே திறன் உள்ள போர்ட்டுக்கும் அந்தப் பெயரைச் சூட்ட முடிகிறது. டெஸ்க்டாப் கார்டு உங்களிடம் இருப்பதால் டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்துவிட்டு இதையெல்லாம் மறந்துவிடலாம். லேப்டாப்காரர்கள்தான் தங்கள் லேப்டாப்பின் போர்ட் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். அதே மானிட்டரில் பிளேஸ்டேஷன் 5 இணைக்கும் எண்ணம் இருந்தால், அது ஃப்ரீசிங்க்கைக் கண்டுகொள்ளாது, எச்டிஎம்ஐ 2.1இன் விஆர்ஆர் (அடாப்டிவ் சிங்க்கின் எச்டிஎம்ஐ வடிவம்) இருந்தால்தான் ஏற்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டும் ஃப்ரீசிங்க்கோடு ஒத்துப்போகும்.

எச்டிஆர், அதாவது பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே படத்தில் காட்டும் வசதி? இந்த விலையில் ஸ்டிக்கர். எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், காட்டும் என்று அர்த்தமில்லை. டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 சான்றிதழ்கூட உச்ச வெளிச்சமாக 400 நிட்ஸைத்தான் (நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) கேட்கிறது. திரையை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மினி-எல்இடி மானிட்டர்களில்தான் விஷயம் தொடங்குகிறது. 336 பகுதிகள் கொண்ட ஏஓசி க்யூ27ஜி3எக்ஸ்எம்என் மாதிரி சில, மலிவுக்கும் விலையுயர்ந்ததற்கும் நடுவே வந்திருக்கின்றன. அதுவும் விஏ பேனல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்றில் எச்டிஆரை அணைத்தே வையுங்கள்.

நிறத்துக்கு ஓர் எண் பார்த்தால் போதும்: எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறத் தொகுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் காட்டட்டும். '72 சதவீதம் என்டிஎஸ்சி' (அது இன்னொரு பழைய நிறத் தொகுப்பு) என்று எழுதியிருந்தாலும் ஏறக்குறைய அதே பொருள்தான். 45 என்று இருந்தால் வெளுத்துப்போன சட்டைமாதிரி இருக்கும், தொடாதீர்கள். வெளிச்சம் 250 நிட்ஸ் இருந்தால் அறைக்குள் சமாளிக்கலாம்; ஜன்னலுக்கு எதிரே உட்காருகிறவர்கள் 300க்கு மேல் தேடுங்கள்.

ஸ்டாண்ட் விஷயத்தில் நான் மற்றவர்களைவிடத் தாராளமானவன். மலிவு மானிட்டர்களின் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயும், அவ்வளவுதான், உயரம் மாறாது. கீழே இரண்டு தடிப் புத்தகம் வைத்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை அது. பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம். நல்ல பேனலைக் கொடுத்துவிட்டு ஸ்டாண்டில் கை வைத்த தயாரிப்பாளரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஸ்பீக்கரும் அப்படித்தான், இல்லாவிட்டால் நல்லதே.

மாடல் எண்ணை ஓர் எழுத்து விடாமல் படிப்பது முக்கியம். கடைப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் வேறாக இருக்கும். சாம்சங் ஒடிஸி ஜி5 என்ற ஒரே பெயரில் வளைந்த விஏயும் வந்தது, தட்டையான ஐபிஎஸ்ஸும் வந்தது. ஒருவர் ஐபிஎஸ்ஸைப் பற்றிய விமர்சனத்தைப் பார்த்துவிட்டு விஏயை வாங்கி வர அது போதும். ஏஓசியில் 24ஜி2 ஐபிஎஸ். அதே எண்ணுக்கு முன்னால் சி என்ற எழுத்து சேர்ந்தால் வளைந்த விஏ. க்யூ என்று தொடங்கும் மாடல்கள் 1440பி. ஜிகாபைட்டின் முதல் எம்27க்யூவில் எல்லாமே நன்றாக இருந்தும், துணைப்பிக்சல்கள் வழக்கமான சிவப்பு-பச்சை-நீல வரிசைக்குப் பதிலாகத் தலைகீழாக இருந்ததால் எழுத்துகளின் ஓரத்தில் லேசாக நிறம் தெரிந்தது. கேமுக்கு அது பொருட்டே இல்லை. நாள் முழுக்க எழுத்தைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு உறுத்தலாம்.

விமர்சனங்களைப் பார்க்கும்போது, 'சூப்பர் ஸ்மூத்' என்று சொல்லும் வீடியோக்களைத் தள்ளிவிடுங்கள். நகரும் திரையைக் கேமராவால் கூடவே தொடர்ந்து எடுத்த படம் போட்டிருக்கிறார்களா, ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் ஆகும் நேரத்தைக் கட்டம் போட்ட அட்டவணையில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த அட்டவணையில் இருட்டான நிறங்கள் இருக்கும் மூலையைக் கவனியுங்கள். விஏ மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். இன்புட் லேக் என்று தனியாக ஓர் எண் கொடுப்பார்கள். அது கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் வந்து சேர்ந்ததிலிருந்து திரையில் தெரிய மானிட்டர் எடுத்துக்கொள்ளும் தாமதம், பிக்சல் வேகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வேகமான கேமிங் மானிட்டர்களில் இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை.

வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டியது இவ்வளவு விவரத்தைவிட முக்கியம். விண்டோஸ் பல நேரம் புது மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே உயர்த்த வேண்டும். மாதக்கணக்கில் 60இல் ஆடிவிட்டு 'எனக்கு வித்தியாசம் தெரியவில்லை' என்று சொன்னவர்களை நான் ஒருவருக்கு மேல் பார்த்திருக்கிறேன். அடுத்து மானிட்டரின் மெனுவில் ஓவர்டிரைவை நடு அளவில் வையுங்கள். டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தைப் பிரவுசரில் திறந்து, ஓடும் பறக்கும் தட்டின் பின்னால் நிழலும் இல்லாமல் பளிச்சென்ற விளிம்பும் இல்லாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை ஆன் செய்து, ஃப்ரேம் ரேட்டைத் திரையின் உச்சத்துக்கு மூன்று நான்கு கீழே கட்டிவிடுங்கள், 165 என்றால் 161 மாதிரி. உச்சத்தை முட்டினால் அடாப்டிவ் சிங்க் எல்லை தாண்டிவிடும். தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் உள்ள கேம்களில், ஜி-சிங்க்கோடு டிரைவரில் வி-சிங்க்கும் (ஃப்ரேம்களைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) ஆனில் இருந்தால், இந்த வேலையை அதுவே செய்துகொள்ளும்.

திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே, விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படத்தை வைத்துப் பாருங்கள். ஓரங்களில் டார்ச் அடித்ததுபோல ஒளி கசிந்தால் மாற்றிக் கேளுங்கள். நீங்கள் தலையை நகர்த்தும்போது கூடவே நகரும் மங்கிய ஒளி ஐபிஎஸ்ஸின் சுபாவம், அதற்காகச் சண்டை போட முடியாது. பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓட்டிச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றிரண்டு செத்த பிக்சலுக்கு வாரன்டி பொருந்தாது என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு, ஆகவே வாரன்டியை நம்பாமல் கடையின் திருப்பி எடுக்கும் காலத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். கேபிளும் பெட்டியில் வந்ததையே முதலில் போடுங்கள். திரை அவ்வப்போது ஒரு செகண்ட் கறுத்துத் திரும்பினால், மானிட்டரைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை விற்க அவசரம் வேண்டாம். முதல் வாரம் பக்கத்தில் இரண்டாவது திரையாக வைத்துக்கொண்டு, டெஸ்க்டாப்பில் திறந்த ஒரு சின்ன விண்டோவைப் பிடித்து இரண்டுக்கும் நடுவே வட்டம் வட்டமாக இழுத்துப் பாருங்கள். புதியதில் வழுக்கிக்கொண்டு போய்ப் பழையதில் தத்தித் தத்தி வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி தத்தினால் மறுபடி அந்த அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போங்கள்.